பேர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்

மார்ச் 6, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து நாற்பது நாளும் ஒவ்வொருவரும் தன்னைத் தான் ஆராய்ந்து தினமும் நாலு வரியாவது எழுதிவைக்க வேண்டும் என்று காலை ஆராதனையில் எங்கள் போதகர் தேவசகாயம் ஐயர் சொன்னார். சொன்னவர் எழுதுவாரோ என்னவோ, நான் எழுதப் போகிறேன். மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் சொல்வதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். சொந்தமாக எழுத இதுவாவது கிடைத்ததே.

நாற்பது நாளைக்குக் காப்பி இல்லை என்று தீர்மானம். மத்தியானத்துக்குள் மண்டை இடி. மாத்திரை வாங்க வேண்டும், நாலுதான் மிச்சம்.

மார்ச் 10, ஞாயிறு

இளையோர் ஐக்கியத்துக்குப் பதினேழு பேர் வந்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. சின்னப் பிள்ளைகள் என்று சொன்னால் முறைக்கும், பெரிய பிள்ளைகள் என்று சொன்னால் ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கும். ஓய்வுநாள் பள்ளி டீச்சர்மாருக்கு இதுகளைக் கண்டால் பயம். வாலிபர் சங்கத்துக்கு இதுகள் தொந்தரவு. யாருக்கும் வேண்டாததைக் கல்யாணம் ஆகாத சுகிர்தா தலையில் கட்டிப் பதினோரு வருஷம் ஆகிறது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. இதுகளுக்கு இன்னும் அக்காதான்.

என்னிடம் மூன்று சட்டம் உண்டு. ஆராதனை நடுவில் யாரும் எழும்பக் கூடாது. வசன நோட்டில் கோழி கிளறினதுபோல் எழுதக் கூடாது. ஜெபம் முடிந்து நான் முதலில் 'ஆமென்' சொன்ன பிறகுதான் கண்ணைத் திறக்க வேண்டும். ஓரக்கண்ணால் பார்த்து அடுத்தவன் முதுகில் கிள்ளுகிற கூட்டத்துக்காக வைத்தது அந்த மூன்றாவது சட்டம். முடிவு ஜெபத்தை முறை வைத்து ஆளுக்கொரு வாரம் பிள்ளைகளே செய்வார்கள்.

இன்று லெந்துக்காக ஒரு ஜெபப் பெட்டி வைத்தேன். பழைய பிஸ்கட் டின், கிறிஸ்மஸுக்கு மிஞ்சின தங்கத் தாள் ஒட்டி மூடியில் கீறல் போட்டது. பூட்டுச் சாவி என்னிடம். "யாரும் பேர் எழுத வேண்டாம். மனசுல உள்ளத எழுதிப் போடுங்க. நீங்க எழுதுறது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான்" என்றேன். முன் வரிசையில் இருந்த கிளாட்வின், "ஐயருக்கும் சொல்ல மாட்டீங்களா அக்கா?" என்றான். ஐயருக்கும் சொல்ல மாட்டேன் என்றேன்.

சாயங்காலம் வீட்டில் திறந்து பார்த்தேன். கணக்கு சார் மாற்றலாகிப் போக வேண்டும். எங்கள் நாய்க்குச் சொறி ஆற வேண்டும். எனக்கு மீசை வர வேண்டும் (இது யாரென்று எழுத்தே சொல்கிறது, கிளாட்வின்தான்). சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அடுத்த சீட்டு இது:

'எங்க அக்கா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கா. அங்க ஒரு அண்ணனை அவளுக்குப் பிடிச்சிருக்கு. அவங்களும் வேதக்காரங்கதான், ஆனா வேற ஆளுங்க. அப்பா சம்மதிக்கணும். அப்பாவுக்குக் கோபம் வரக் கூடாது. அக்கா அழக் கூடாது.'

பேர் இல்லை. ஆனால் வாரா வாரம் வசன நோட்டுத் திருத்துகிறவளுக்கு எழுத்து தெரியாதா. 'ழ'வுக்கு அப்படி ஒரு பெரிய வால் போடுவது எட்டாம் வகுப்பு அக்ஸாதான். சிமென்ட் கடை தங்கதுரை அண்ணாச்சியின் சின்ன மகள். பெரியவள் ஜெசிந்தா. அவளும் ஒரு காலத்தில் என் வகுப்பில் இருந்தவள்தான். நல்ல குரல். இரண்டு கிறிஸ்மஸுக்குத் தனிப்பாட்டு அவளுக்குத்தான் கொடுத்தேன். நர்ஸிங் சேர்ந்த பிறகு ஊருக்கு வந்தால் என்னை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மார்ச் 12, செவ்வாய்

மாத்திரை வாங்கினேன். வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 14, வியாழன்

ஐயரம்மா ஆபீஸுக்கே போன் பண்ணினார்கள். நாளைக்குப் பெண்கள் சங்கத்து உபவாசக் கூட்டத்தில் குடும்பங்களுக்கான ஜெபத்தை நான் ஏறெடுக்க வேண்டுமாம். வழக்கமாகச் செய்கிறவர்களுக்குக் காய்ச்சலாம். காய்ச்சலுக்கு ஸ்தோத்திரம். இத்தனை வருஷத்தில் அந்தக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் பாய் விரிக்கிற வேலையும் சுருட்டுகிற வேலையும்தான். குடும்பம் இல்லாதவள் குடும்பத்துக்காக என்ன ஜெபிப்பாள் என்று யாராவது நினைப்பார்கள். நினைக்கட்டும், நாளைக்குப் பார்க்கட்டும்.

மார்ச் 15, வெள்ளி

நன்றாக ஜெபித்தேன். இதை எழுதுவது பெருமைக்காக அல்ல.

முதலில் எல்லாரும் சொல்கிறதையே சொன்னேன், சமாதானம், ஒருமனம், பிள்ளைகளின் பரீட்சை. யாரோ கொட்டாவி விடுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. ஒரு பாரம் என்று சொல்வார்களே, அப்படி. "ஆண்டவரே, நம்ம சபையில ஒரு குடும்பம். நர்ஸிங் படிச்சுத் தூர ஊர்ல வேலை பாக்கிற ஒரு மகள். அந்த மகளோட கண்ணு போகக் கூடாத இடத்துல போயிருக்கு. ஒண்ணுமே தெரியாம அவளைப் பெத்தவங்க இருக்காங்க. சின்னவ ஒருத்தி மட்டும் அந்த பாரத்தைச் சுமந்துக்கிட்டு உம்மண்ட வந்து அழுதா. பேர் வேண்டாம் ஆண்டவரே, உமக்குத் தெரியும்" என்றேன்.

கொட்டாவி நின்றுபோனது. 'ஆமென்' சொல்லிக் கண்ணைத் திறந்தால் நாலைந்து பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சங்கத்துச் செயலாளர் ரத்னபாய் அக்கா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு பாரமான ஜெபம் பிள்ளே. யாரு அது?"

"பேர் வேண்டாம்க்கா."

"வேண்டாம் வேண்டாம். ஜெபிக்கத்தான் கேக்கேன். கோயம்புத்தூர்ல உள்ளவளா?"

நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அதில் எனக்குத் திருப்தி.

இன்று பாயை ரத்னபாய் அக்காவே சுருட்டினார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

பதினாறு பேர். குருத்தோலை ஞாயிறுக்கான பாட்டை ஆரம்பித்தோம். பையன்களுக்குக் குரல் உடைகிற வயசு, மேலே போனால் கதவு கீச்சிடுகிற மாதிரி இருக்கிறது. வகுப்பு முடிந்து அக்ஸா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, பெட்டில போட்டதுக்கெல்லாம் ஜெபிச்சீங்களா?"

"ஜெபிச்சேன் தாயி."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

சிரித்துக்கொண்டே ஓடினாள். நான் சொன்னது உண்மைதான்.

மார்ச் 20, புதன்

ஜெசிந்தாவை ஊருக்குக் கூட்டி வந்துவிட்டார்களாம். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று சொல்லி வரவழைத்து, வந்ததும் போனை வாங்கி வைத்துவிட்டார்களாம். ரத்னபாய் அக்கா ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்று சொன்னார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பிரகாசம். "நீ ஜெபிச்சு அஞ்சே நாள் பிள்ளே" என்றார்கள். எனக்கு டைப் அடிக்க நிறைய இருந்தது.

மார்ச் 22, வெள்ளி

தங்கதுரை அண்ணாச்சி பள்ளிக்கூட ஆபீஸுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி மஸ்கோத் அல்வா.

"தோத்திரம்மா. நீ மட்டும் அன்னைக்கு ஜெபத்துல சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. பிள்ள கையை விட்டுப் போயிருக்கும். குடும்பமே தலை குனிஞ்சிருக்கும். ஆண்டவர் உன் மூலமா காட்டிக் குடுத்தாரு."

"நான் யாரு பேரையும் சொல்லலியே அண்ணாச்சி."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். பேரே சொல்லாம காட்டிக் குடுத்தாருல்லா."

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். பிள்ளைகள் ஜெபக் குறிப்பு எழுதிப் போடுகிற பெட்டி ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பேர் சொல்லவில்லை. "ஓ, பெட்டியா" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அல்வாவை ஆபீஸில் எல்லாருக்கும் கொடுத்தேன். நானும் இரண்டு துண்டு தின்றேன். தீர்மானம் காப்பிக்கு மட்டும்தானே.

மார்ச் 24, ஞாயிறு

பதினைந்து பேர். அக்ஸா பிந்தி வந்து கடைசியில் உட்கார்ந்தாள். வலது கையை மடியை விட்டு எடுக்கவில்லை. வசன நோட்டில் ஒன்றும் எழுதவும் இல்லை. என்னவென்று கேட்டதற்கு சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்றாள். அவளுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது என்று கிளாட்வின் சொன்னான். அவன் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பான்.

எல்லாரும் போன பிறகும் அவள் போகவில்லை.

"அக்கா, உங்களுக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான்னு சொன்னீங்கல்லா."

"நான் யார்ட்டயும் சொல்லல. ஜெபத்துலதான் வச்சேன்."

"ஜெபம் எல்லாருக்கும் கேட்டுச்சுல்லா அக்கா."

என்ன வாய் பாருங்கள் இந்த வயதில். "பேரே சொல்லலியே நான்" என்றேன்.

"ஆமா. 'பேர் வேண்டாம், உமக்குத் தெரியும்'னு சொன்னீங்களாம். அம்மா சொன்னா. அதைச் சொல்லிச் சொல்லி அழுதா." பிறகு, "எங்க அக்கா எங்கிட்டப் பேச மாட்டேங்கா" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அழுதிருந்தால் நாலு வார்த்தை ஆறுதல் சொல்லியிருப்பேன்.

'மட்டும்' என்ற வார்த்தையை நான் சொன்னேனா என்பது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்டுக்கொள்ளும். பெட்டியில் மூன்று சீட்டுதான் இருந்தது. மூன்றும் பரீட்சை.

மார்ச் 27, புதன்

ஐயர் கூப்பிட்டனுப்பினார். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் சிலுவையின் ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பேசுகிற ஏழு பேரில் இந்த வருஷம் நானும் ஒருத்தி. முதல் வார்த்தை, மன்னிப்பைப் பற்றியது. இதுவரை பெண்களில் ஐயரம்மாவைத் தவிர யாருக்கும் கொடுத்ததில்லை. "உங்க ஜெப ஜீவியத்தைப் பத்திச் சபையில நல்ல சாட்சி சொல்லுதாங்க" என்றார். அம்மா உயிரோடு இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

அறிவிப்பு வேளையில் ஐயர் ஓலை வாசித்தார். கல்யாணம் பண்ணப் போகிறவர்கள் பெயரை மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் வாசிப்பார்கள், இதை யாருக்கு எழுதுகிறேன், இந்தச் சபையில் பிறந்த யாருக்குத் தெரியாது. மணமகள் தங்கதுரை, எமிலி இவர்களின் மூத்த குமாரத்தி பிரியதர்ஷினி ஜெசிந்தா. மணமகன் ஜோயல் செல்வகுமார், மஸ்கட்டில் வேலை. இவர்களை இணைக்கக் கூடாதபடிக்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்க வேண்டும், இது முதலாம் தரம் என்று முடித்தார். லெந்துக்குள் கல்யாணம் வைக்க முடியாது. ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குப் பத்து நாள்தான் லீவாம்.

ஜெசிந்தா அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோயிருக்கிறாள். பாட்டுகளுக்கு வாய் அசையவில்லை.

நல்ல இடம்தான். எனக்கு ஓலை வாசித்தபோது மாப்பிள்ளை ஒரு பால்பண்ணை கிளார்க்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இரண்டாம் தரம் வாசித்தார்கள்.

வகுப்பில் ஓலைச் சிலுவை முடையப் பழக்கினேன். பையன்கள் ஓலையில் கைக்கடிகாரமும் பாம்பும் செய்தார்கள். அக்ஸா ஒழுங்காக ஒன்று செய்து என் மேஜையில் வைத்தாள். கை சரியாகிவிட்டதுபோல. நானே பேச்சுக் கொடுக்கலாமென்று இருந்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, ஐயர் ஓலை வாசிச்சுட்டுத் தடை உண்டான்னு கேக்காருல்லா. அடுத்த வாரம் நீங்க எழும்பிச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல?"

"எங்க அக்காவுக்கு இஷ்டம் இல்லைன்னு. அவ சாப்பிட மாட்டேங்கா. ராத்திரி அம்மா அவ கூடவே படுக்கா. நீங்க பெரியவங்க, ஜெபிக்கிறவங்கன்னு எல்லாரும் சொல்லுதாங்க. நீங்க சொன்னா ஐயர் கேப்பாரு."

"தடைன்னா அது இல்லட்டி. முன்னமே கல்யாணம் ஆனவனா இருக்கணும், வயசு பத்தாம இருக்கணும், இல்லேன்னா ரத்த சம்பந்தமா இருக்கணும். மனசு இல்லேங்கிறது அதுல கிடையாது. சம்மதமான்னு கல்யாணத்தன்னைக்கு அவகிட்டயே கேப்பாங்க."

"அன்னைக்கு அப்பா பக்கத்துல நிப்பாங்கல்லா" என்றாள்.

பதினோரு வருஷமாக இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிப் பழகியவள் நான். நோவாவின் பேழையில் டைனோசர் ஏன் இல்லை என்று கேட்டால்கூட ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். இதற்கு "பாக்கேன்" என்றேன். அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள், முகத்திலேயே தெரிந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஆபீஸ் விட்டு ஐயர் வீட்டுக்குப் போனேன். இதைப் பற்றி ஒரு வார்த்தை போட்டு வைக்கலாமென்று. ஐயரம்மா வாசலிலேயே நின்றார்கள். குருத்தோலை எத்தனை வேண்டும் என்று கேட்டார்கள். இருநூறு என்றேன். பெரிய வெள்ளிக்கு வெள்ளைச் சேலையா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "முதல் வார்த்தை நல்லா அமையணும், மத்த ஆறு பேருக்கும் அதுதான் தொடக்கம்" என்றார்கள். வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

பவனி நன்றாக நடந்தது. பிள்ளைகள் ஓலை பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்து, பாட்டு முடிய முன் பாயில் உட்கார்ந்தார்கள். நான் அவர்களோடு, வரிசையின் ஓரத்தில். அக்ஸா அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மூன்றாம் தரம் ஓலை வாசித்தார். தடை யாருக்காவது தெரிந்தால் என்று சொல்லி, வழக்கம்போல மூச்சு விடுகிற நேரத்துக்கு நிறுத்தினார். அக்ஸா என்னைப் பார்த்தாள். நான் ஐயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே அவள் எழும்பப் பார்த்தாள். ஒரு முழங்கால் பாயை விட்டு எழும்பிவிட்டது. கையை உயர்த்தினாள், வகுப்பில் கேள்வி கேட்கத் தூக்குகிற மாதிரி. நான் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "ஸ்..." என்று சின்னதாக ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது, அவ்வளவுதான். ஐயர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார், அசன விருந்துக்குக் காய் நறுக்க ஆட்கள் வேண்டும் என்று. யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஓலையோடு விளையாடுகிற பிள்ளையை அடக்குகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஆராதனை நடுவில் எழும்பக் கூடாது என்பது எங்கள் வகுப்பின் முதல் சட்டம்.

நான் பிடித்தது வலது கை. அது அந்தக் கை என்பது வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொள்ளும்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 15, திங்கள்

ஆராய்ந்து எழுதச் சொன்னார் ஐயர். எழுதுகிறேன்.

எனக்கு ஓலை இரண்டு தரம் வாசித்தார்கள். இருபது வருஷம் ஆகிறது. சின்ன வயதிலிருந்து எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரை போட்டால் வராது. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டில் பக்குவமாகச் சொல்லலாம் என்று அம்மா நினைத்திருந்தாள். மனசு கேட்காமல், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று ஒரே ஒருவரிடம் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் சங்கத்தில் ரத்னபாய் அக்கா கண்ணீரோடு ஜெபித்தார்கள். அடுத்த வாரம் கல்யாணம் ஆகப்போகிற ஒரு மகள், பிசாசு அவளை விழத்தள்ளுகிறது, பேர் வேண்டாம் ஆண்டவரே, உமக்குத் தெரியும். நான் அன்றைக்குப் பின்னால் பாய் விரித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை.

ஆகையால் ஒரு பேரைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். அதனால்தான் நான் பேர் சொல்லவில்லை.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

மன்னிப்பைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷம் பேசினேன். நன்றாயிருந்தது என்றார்கள்.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

ஞாயிறும் சேர்த்து நாற்பத்தாறு நாள் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை. இன்று காலை ஆராதனை முடிந்து முதல் காப்பி. எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. நாற்பது நாள் எழுதினால் போதும் என்றார் ஐயர். நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது.

ஏப்ரல் 24, புதன்

ஜெசிந்தா கல்யாணம். எங்கள் ஐக்கியப் பிள்ளைகள்தான் பாடினார்கள். அண்ணாச்சி கேட்டுக்கொண்டது. எனக்கு ஒரு சேலையும் கொடுத்தனுப்பியிருந்தார், கத்தரிப்பூ நிறம், அதைத்தான் கட்டிக்கொண்டு போனேன். அக்ஸா பாட்டுக் கூட்டத்தில் நிற்கவில்லை. பட்டுப் பாவாடையில் அக்காவின் பின்னால் பூக்கூடையோடு நின்றாள்.

சம்மதமா என்று ஐயர் கேட்டார். ஜெசிந்தா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் நாலடி தூரத்தில்தான் நின்றேன். ஐயருக்குக் கேட்டதாம். மேலே வாசித்தார்.

சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது ரத்னபாய் அக்கா என் இலைப் பக்கம் குனிந்து, "எப்படியோ ஆண்டவர் மானத்தைக் காப்பாத்திட்டாரு" என்றார்கள். யாருடைய மானத்தை என்று நான் கேட்கவில்லை. பாயசம் இரண்டு தரம் வாங்கினேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பதினாறு பேர் வந்தார்கள். அக்ஸா வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். வந்தாள். வசனம் பிழையில்லாமல் சொன்னாள். விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு யார் யார் என்ன செய்வது என்று பிரித்துக்கொடுத்தேன். பெட்டியைத் திறந்தேன். ஒரு சீட்டும் இல்லை. கிளாட்வினுக்குக்கூட மீசை வேண்டாமாம்.

முடிவு ஜெபம் இந்த வாரம் அக்ஸாவின் முறை. பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வேறு யாரையாவது செய்யச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் எழும்பி நின்று கையைக் கூப்பிக்கொண்டாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன்.

முதலில் எல்லாரும் சொல்கிறதைத்தான் சொன்னாள். லீவு விட்டதற்கு ஸ்தோத்திரம், வெயிலில் எல்லாரையும் காப்பாற்றும். அப்புறம் கொஞ்சம் நிறுத்தினாள்.

"ஆண்டவரே, நம்ம சபையில ஒரு அக்கா இருக்காங்க. பள்ளிக்கூட ஆபீஸ்ல வேலை பாக்காங்க. சின்னதுலயே அவங்களுக்கு வலிப்பு உண்டாம். தினமும் மாத்திரை சாப்பிடுதாங்க. அவங்களுக்கும் ஓலை வாசிச்சாங்களாம், ரெண்டு தரம். மூணாவது தரம் வாசிக்கலயாம். அவங்களுக்கு யாருமே இல்ல. அவங்க ரொம்பப் பாவம் ஆண்டவரே. அவங்களை மன்னிச்சிரும். பேர் வேண்டாம், உமக்குத் தெரியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கண்டித்திருப்பேன்.

நான் கண்ணைத் திறந்தேன். பதினாறு பேரும் கண்ணை மூடியபடியே இருந்தார்கள். ஓரக்கண் பார்க்கிறவன் ஒருவன் இல்லை, முதுகில் கிள்ளுகிறவன் ஒருவன் இல்லை. நான் முதலில் சொல்ல வேண்டும். சொல்லாமல் யாரும் திறக்க மாட்டார்கள். அவ்வளவு நன்றாகப் பழக்கி வைத்திருக்கிறேன். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் கிளாட்வின், கண்ணைத் திறக்காமலே, மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, ஆமென் சொல்லுங்க."

சொன்னேன்.